நாலு மணிக்கு எழுப்பிவிடு!

மதுரையில் அந்த வீட்டில் பிப்ரவரி மாதம் ஒரு புதுச் சட்டம் வந்தது. இரவு பத்து மணிக்கு மேல் பையன் கையில் செல்போன் கிடையாது. பிளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் மூன்றே வாரம். 'படிக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் போனவன், இரவு ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்ததை அம்மா கையும் களவுமாகப் பிடித்தார். மறுநாளே சட்டம் அமலுக்கு வந்துவிட்டது.

பையன் எதிர்த்துப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அப்ப காலையில நாலு மணிக்கு என்னைய யாரு எழுப்புறது? அலாரம் போன்லதான இருக்கு?"

நியாயமான கேள்வி. அம்மாவுக்குக் காலை ஐந்தரைக்கு மேல்தான் விழிப்பு வரும். அப்பா படுப்பதே பதினொன்றரைக்கு. அவருடைய போனைப் பையன் பக்கத்தில் வைத்தால், அதுவும் ஒரு போன்தான். யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. நாலு பேர் இருக்கிற வீட்டில் மூன்று செல்போன், ஒரு டி.வி., சுவரில் இரண்டு கடிகாரம் எல்லாம் இருக்கின்றன. ஒருவரை எழுப்பிவிட மட்டும் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அப்பாவுக்குப் பரண் ஞாபகம் வந்தது. பித்தளைக் குத்துவிளக்கு, கொலு பொம்மைப் பெட்டி, உடைந்த டிரான்சிஸ்டர் இவற்றுக்கெல்லாம் பின்னால், ஒரு பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது அந்த டைம்பீஸ். தாத்தா பஞ்சாலையில் வேலை பார்த்த காலத்தில், 1974 தீபாவளி போனஸில் வாங்கியது. உள்ளங்கையில் அடங்காத வட்டம், குட்டையான இரண்டு கால்கள், உச்சியில் ஒரு மணி, முதுகில் வண்ணத்துப்பூச்சி இறக்கை மாதிரி இரண்டு சாவிகள். பச்சை பெயின்ட் அங்கங்கே உதிர்ந்து தகரம் தெரிந்தது.

"எங்க காலத்துல இந்த மணிச் சத்தம் கேட்டுத்தான்டா எந்திரிப்போம்" என்றார் அப்பா, துண்டால் தூசியைத் துடைத்தபடி. கூடத்துக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த அப்பத்தா, மகனை ஒரு பார்வை பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

விடியாத மாலை

மேலமாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே கடை போட்டிருக்கிற பெரியவரிடம் டைம்பீஸைக் கொண்டுபோனார்கள். அவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு பின்மூடியைக் கழற்றினார். ஸ்பிரிங் உடையவில்லை. சக்கரம் தேயவில்லை. உள்ளே விட்டிருந்த எண்ணெய்தான் பல வருடம் கிடந்து பிசினாகிவிட்டது. பிரித்துக் கழுவிப் புது எண்ணெய் விட்டால் ஓடும் என்றார். நாலு நாளில் ஓடியது.

கடையிலிருந்து வந்தபோது மணி பிற்பகல் மூன்று. பையன் ஆசையோடு இரண்டு சாவியையும் முறுக்கினான். அலாரம் முள்ளை நாலில் வைத்தான். கூடத்து மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சரியாக ஒரு மணி நேரம் கழித்து வீடே அதிர்ந்தது. மதியத் தூக்கத்தில் இருந்த அப்பத்தா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். "என்னடா, விடிஞ்சிருச்சா?"

டைம்பீஸுக்குக் காலை நாலும் ஒன்றுதான், மாலை நாலும் ஒன்றுதான். அதன் உலகத்தில் பன்னிரண்டு மணி நேரம் மட்டுமே உண்டு. அதனால்தான் பழைய வீடுகளில் படுக்கப்போகும் நேரத்தில் மட்டுமே அலாரம் வைப்பார்கள். பையனுக்கு இது புதுப் பாடம். 'ஏஎம்', 'பிஎம்' என்று கேட்டுக்கொண்டு காத்திருக்கும் போனில் வளர்ந்தவன் அவன்.

இன்னும் பல பாடங்கள் இருந்தன. இரண்டு சாவியில் ஒன்று கடிகாரம் ஓடுவதற்கு, மற்றது மணி அடிப்பதற்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு ஸ்பிரிங். சின்னத் திருகு இரண்டில் ஒன்று நேரத்தைத் திருத்துவதற்கு, மற்றது அலாரம் முள்ளுக்கு. அதை அம்புக்குறி காட்டுகிற பக்கம் மட்டுமே திருப்ப வேண்டும். பின்பக்கம் ஒரு துளை வழியாகத் தெரியும் சின்ன நெம்புகோல், கடிகாரம் முந்தினால் ஒரு மயிரிழை இப்படி, பிந்தினால் ஒரு மயிரிழை அப்படி நகர்த்துவதற்கு. முழுச் சாவி கொடுத்தால் ஒரு நாளுக்குக் கொஞ்சம் மேலே ஓடும். ஆகவே தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டும். மறந்தால் மறுநாள் நின்றுவிடும்.

மணி அடிப்பது எப்படி என்பதும் எளிதுதான். உள்ளே ஒரு சக்கரத்தில் சின்னப் பள்ளம் இருக்கும். குறித்த நேரம் வந்ததும் அந்தப் பள்ளத்தில் ஒரு முனை விழும். அது விழுந்ததும், அதுவரை சுத்தியலைப் பிடித்து வைத்திருந்த கம்பி விலகும். அடக்கி வைத்த இரண்டாவது ஸ்பிரிங் தன் பலம் தீரும் வரை சுத்தியலை ஆட்டும். பலம் தீர்ந்ததும் சத்தம் மெலிந்து, இழுத்து இழுத்து அடித்து ஓய்ந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிடாது. டைம்பீஸ் ஒரு தடவைதான் சொல்லும்.

அதனால் அந்த ஒரு தடவை நன்றாகக் காதில் விழ வேண்டும் என்று ஆளுக்கொரு உபாயம் வைத்திருந்தார்கள். எவர்சில்வர் தட்டின்மேல் வைத்தால் சத்தம் இரட்டிப்பாகும். கை எட்டாத அலமாரியில் வைத்தால் எழுந்து நடந்துபோய்த்தான் அமர்த்த வேண்டும், அதற்குள் தூக்கம் கலைந்துவிடும். 'டிக் டிக்' தொந்தரவென்றால் துண்டில் சுற்றி வைப்பார்கள். தினமும் காலை ஏழேகால் ரேடியோச் செய்தி தொடங்கும்போது முள்ளைச் சரிபார்ப்பார்கள்.

மணி என்ன?

தமிழில் நேரத்தையே 'மணி' என்றுதான் கேட்கிறார்கள். போனைப் பார்த்துச் சொல்கிறவரிடமும் 'மணி என்ன?' என்பதுதான் கேள்வி. கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் நேரம் காதால் கேட்கிற விஷயமாக இருந்ததன் மிச்சம் அது. ஒருவர் பார்த்து, ஊருக்கே அடித்துச் சொன்னார்.

அதற்கும் முன்னால் நாழிகை வட்டில் இருந்தது. நீர் சொட்டும் அளவை வைத்துப் பொழுதைக் கணக்கிடுவது. ஒரு நாளுக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பாசறையில் தங்கியிருக்கும் அரசனிடம் பொழுதை அளந்து சொல்வதற்கென்றே ஆட்கள் இருந்ததை முல்லைப்பாட்டு காட்டுகிறது.

தூங்குகிறவரை எழுப்புவதைப் பெரிய காரியமாக நினைத்த மொழி இது. அரசனைத் துயில் எழுப்பிப் பாடுவதைத் தொல்காப்பியம் 'துயிலெடை நிலை' என்று இலக்கணத்தில் சேர்த்திருக்கிறது. தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனை எழுப்பத் திருப்பள்ளியெழுச்சி பாடினார். மாணிக்கவாசகர் சிவனை எழுப்பப் பாடினார். பாரதியார் பாரத மாதாவுக்கே பள்ளியெழுச்சி பாடினார். ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாட்டில், ஆறு முதல் பதினைந்து வரையிலான பத்தும் தூங்குகிற தோழிகளை வீடு வீடாகப் போய் எழுப்புகிற பாட்டுகள். கொஞ்சல், கிண்டல், கோபம், சமாதானம் என்று காலையில் ஒரு பெண்ணை எழுப்ப என்னவெல்லாம் பேச வேண்டுமோ அத்தனையும் அதில் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான். ஒருவர் விழித்திருந்து இன்னொருவரை எழுப்புகிறார்.

ஊரும் அப்படித்தான் இருந்தது. கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, சர்ச் மணி, நகராட்சிச் சங்கு, பஞ்சாலைச் சங்கு, பால்காரரின் சைக்கிள் பெல், பக்கத்து வீட்டு ரேடியோவில் எம்.எஸ். குரலில் சுப்ரபாதம். எதுவும் தனி ஒருவருக்காக ஒலிக்கவில்லை. தெருவுக்கே ஒலித்தது.

எழுப்புகிறவரை எழுப்புவது யார்?

எழுப்பும் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கும் யோசனை 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஒருவருக்கும் வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், கன்கார்டு ஊரைச் சேர்ந்த லீவை ஹட்சின்ஸ் என்ற கடிகாரக்காரர், 1787-இல் தனக்காக ஓர் அலாரம் கடிகாரம் செய்துகொண்டார். விடிகாலை நாலு மணிக்கு மட்டும்தான் அது அடிக்கும். வேறு நேரத்துக்கு மாற்ற முடியாது. காப்புரிமை எதுவும் அவர் வாங்கவில்லை. தான் எழுந்தால் போதும் என்று இருந்துவிட்டார்.

விரும்பிய நேரத்துக்கு வைத்துக்கொள்ளும் அலாரத்துக்குப் பிரான்சில் அந்துவான் ரெடியே 1847-இல் காப்புரிமை பெற்றார். கட்டில் பக்கத்தில் வைக்கிற மாதிரி சின்னதாகச் செய்வதற்கு அமெரிக்காவின் செத் தாமஸ் நிறுவனம் 1876-இல் பெற்றது. அதற்குப் பிறகுதான் அலாரம் கடிகாரம் மலிவாகி, சாதாரண வீடுகளுக்குள் வந்தது.

ஆனாலும் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளிகள் நெடுங்காலம் ஆளைத்தான் நம்பினார்கள். விடியலில் நீளக் கழியோடு தெருத் தெருவாகப் போய், மாடி ஜன்னலைத் தட்டி எழுப்புவதையே தொழிலாகச் செய்தவர்கள் அங்கே இருந்தார்கள். எழுந்துவிட்டதற்கு அடையாளமாக உள்ளிருந்து பதில் வரும்வரை ஜன்னலை விட்டு நகரமாட்டார்கள். கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்ற பெண்மணி, குழாயில் காய்ந்த பட்டாணியை வைத்து ஊதி ஜன்னல் கண்ணாடியில் அடிப்பார். வாரத்துக்கு ஆறு பென்ஸ் கூலி. 1930-களில் எடுத்த அவருடைய புகைப்படம் உலகப் பிரசித்தம். 'எல்லாரையும் எழுப்புகிறவரை யார் எழுப்புவது?' என்பது அந்த ஊர்களில் வேடிக்கையாகக் கேட்கப்பட்ட கேள்வி.

டைம்பீஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இரண்டாம் உலகப் போர் காட்டியது. உலோகமும் தொழிற்சாலைகளும் போருக்குத் தேவை என்று 1942-இல் அமெரிக்க அரசு அலாரம் கடிகார உற்பத்தியை நிறுத்தியது. வீட்டில் இருந்த பழைய கடிகாரங்கள் பழுதாகப் பழுதாக, தொழிலாளிகள் ஆயுதத் தொழிற்சாலைக்கே தாமதமாக வர ஆரம்பித்தார்கள். போருக்காக நிறுத்தியதைப் போருக்காகவே 1943-இல் மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

பச்சை வெளிச்சத்தின் விலை

பழைய பொருளைப் பற்றிப் பேசும்போது நல்லதை மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. டைம்பீஸுக்கு ஓர் இருட்டுப் பக்கமும் உண்டு. அதுவும் இருட்டில் ஒளிர்கிற பக்கம்தான்.

இருட்டில் பச்சையாக மின்னுகிற எதையும் 'ரேடியம்' என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது. வண்டி நம்பர் பிளேட்டில் ஒட்டுகிற ஸ்டிக்கர்கூட 'ரேடியம் ஸ்டிக்கர்'தான். இப்போதைய ஸ்டிக்கரில் ரேடியம் கிடையாது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல கடிகாரங்களின் முள்ளிலும் எண்ணிலும் உண்மையிலேயே ரேடியம் கலந்த பெயின்ட் இருந்தது.

அமெரிக்காவில் அந்தப் பெயின்டைப் பூசியவர்கள் இளம் பெண்கள். தூரிகையின் முனை கூர்மையாக இருக்க வேண்டும் என்று, ஒவ்வொரு தடவையும் அதை உதட்டில் வைத்துக் கூர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆபத்தில்லை என்றார்கள். சில வருடங்களில் பல் விழுந்து, தாடை எலும்பு அரித்து, ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். இல்லினாய் மாநிலம் ஒட்டாவா நகரில், புகழ்பெற்ற வெஸ்ட்க்ளாக்ஸ் அலாரம் கடிகாரங்களின் முகப்புக்கு வண்ணம் பூசிய பெண்களில் ஒருவர் கேத்தரின் வுல்ஃப் டானஹ்யூ. நடக்க முடியாத நிலையிலும் வழக்கை நடத்தி 1938-இல் வென்றார். அதே வருடம் இறந்தார். தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் வலுப்பட்டதில் அந்தப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எத்தனையோ வீடுகளில் இரவில் மின்னிய அந்தப் பச்சை வெளிச்சத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது.

ஒன்பது நிமிடத் தவணை

மதுரை வீட்டு டைம்பீஸ் பரணுக்குப் போன கதை எல்லா வீட்டுக்கும் பொதுவானது. 1969 டிசம்பரில் ஜப்பானின் சீக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாவி வேண்டாம், பேட்டரி போதும். உள்ளே இருக்கிற சின்னப் படிகம் வினாடிக்குப் பல ஆயிரம் தடவை அதிர்கிறது என்பதால் நேரமும் தவறாது. டாடா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து 1984-இல் தொடங்கிய டைட்டன், ஓசூர் தொழிற்சாலையில் குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களைச் செய்து குவித்தது. பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு தொடங்கி, ஒரு தலைமுறைக்கே சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் கட்டிவிட்ட எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை 2016-இல் மூட மத்திய அரசு முடிவெடுத்தது. குவார்ட்ஸ் கடிகாரத்தையும் பின்னர் செல்போன் ஓரம் கட்டியது.

செல்போன் அலாரத்தில் குறை சொல்ல முடியாது. நேரம் தவறாது. திங்களுக்கு ஒன்று, ஞாயிறுக்கு ஒன்று வைக்கலாம். பிடித்த பாட்டை வைக்கலாம். எழுந்திருக்க மனமில்லாவிட்டால் தவணை வாங்கலாம். 'ஸ்னூஸ்' என்கிற அந்தத் தவணைப் பித்தானை 1956-இலேயே அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் டெலிக்ரான் கடிகாரத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த நாளில் வழக்கத்துக்கு வந்த ஒன்பது நிமிடக் கணக்கு இன்றைய போன்கள் பலவற்றிலும் தொடர்கிறது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. டைம்பீஸுக்குத் தெரிந்தது ஒரே வேலை. இரவு அதைக் கையில் எடுத்தால் சாவி கொடுக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. போனில் அலாரம் வைக்கப் போகிற விரல், வழியில் நாலு செய்தியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறது. காலையில் அலாரத்தை நிறுத்துகிற விரல், கண் சரியாகத் திறப்பதற்குள் அலுவலகக் குழுவில் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடுகிறது. எழுப்ப வேண்டிய பொருளே தூங்கவிடாமல் செய்கிறது. படுக்கையில் போன் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொன்னால், 'அலாரம் வைக்கணுமே' என்பதுதான் முதல் சாக்கு. அந்தச் சாக்கைத் தீர்க்க ஒரு சின்னக் கடிகாரம் போதும்.

போன் அலாரம் தலையணைக்கடியில் ஒருவர் காதுக்கு மட்டும் அடிக்கிறது. டைம்பீஸ் வீட்டுக்கே அடித்தது. ஒருவருக்குப் பரீட்சை என்றால் எல்லாருடைய தூக்கமும் கெட்டது, எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது.

"நீ எங்க கேட்ட?"

மதுரை வீட்டிலும் அப்படித்தான் ஆயிற்று. முதல் நாள் நாலு மணிக்கு அடித்தபோது வீடு முழுவதும் விழித்தது. அப்பா முனகிக்கொண்டே புரண்டு படுத்தார். அம்மா எழுந்து வந்து, பையன் உட்கார்ந்துவிட்டானா என்று பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள், எழுந்ததுதான் எழுந்தோம் என்று டீ போட்டுக் கொடுத்தார். பத்து நாளில் அப்பாவும் நாலரைக்கு எழுந்து வைகைக் கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

"பார்த்தியா, இந்தச் சத்தத்துக்கு எவனும் தூங்க முடியாது. அந்தக் காலத்துல நாங்க இப்படித்தான்..." என்று ஒரு நாள் காலையில் அப்பா மறுபடி ஆரம்பித்தார்.

அப்பத்தா சிரித்துவிட்டார். "நீ எங்கடா கேட்ட?"

அப்பாவுக்குப் புரியவில்லை.

"உங்கப்பாவுக்கு காலை ஷிப்ட்டு. சோறாக்கி தூக்குவாளியில போட்டுக் குடுக்கணும். நாலு மணிக்கு அலாரம் வைப்பேன். அடிச்சா சின்னப் புள்ளைக நீங்க மூணு பேரும் முழிச்சிருவீங்க, அவுகளுக்கும் ஒரு மணி நேரத் தூக்கம் கெட்டுப்போகும். அதனால அது அடிக்கிறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போயி அமுக்கி விட்ருவேன். நீ பத்தாப்பு படிக்கையிலயும் நான்தான் காலைப் பிடிச்சு ஆட்டி எழுப்புனேன். மணிச் சத்தம் ஒனக்கு எங்க கேட்டுச்சு?"

"அப்புறம் எதுக்கு அப்பத்தா தெனமும் அலாரம் வச்ச?" என்றான் பையன்.

"என்னைக்காவது நான் அசந்துட்டேன்னா? அது இருக்குன்னு ஒரு தைரியந்தான்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அவருக்கு உண்மையாகவே ஞாபகம் இருந்தது இரவில் கேட்ட 'டிக் டிக்'கும், படுக்கப்போகும் முன் அம்மா சாவி முறுக்குகிற 'கிர்ர் கிர்ர்' சத்தமும்தான். காலையில் எழுப்பியது ஈரக் கை. அரிசி களைந்த கை. இத்தனை வருடமும் அந்தக் கையை மணிச் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பழைய டைம்பீஸைப் பற்றி ஏங்குகிற பலருடைய ஏக்கமும் இப்படித்தான். தேடுவது தகரத்தையும் ஸ்பிரிங்கையும் இல்லை. 'நாலு மணிக்கு எழுப்பிவிடு' என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிந்த காலத்தைத்தான். அந்த நிம்மதிக்காக இன்னொருவர் அரைத் தூக்கம் தூங்கினார் என்பது அந்த ஏக்கத்தில் சேர்வதில்லை.

பரணில் இருந்தால்...

வீட்டில் பழைய டைம்பீஸ் இருந்தால், எடுத்தவுடன் சாவியை முறுக்கக் கூடாது. காய்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் சக்கரத்தின் அச்சு தேயும். சமையல் எண்ணெய், தேங்காயெண்ணெய் எதையும் உள்ளே விடக் கூடாது, அவை சீக்கிரம் பிசினாகும். தெரிந்தவரிடம் கொடுத்துக் கழுவி, கடிகார எண்ணெய் விடுவதே நல்லது. ஸ்பிரிங் இறுகி நின்ற பிறகு சாவியைப் பலவந்தமாகத் திருகக் கூடாது. ரொம்பப் பழைய கடிகாரமாக இருந்து, முள்ளில் பழுப்பேறிய பெயின்ட் பூச்சு இருந்தால், முன் கண்ணாடியைக் கழற்றவோ பூச்சைச் சுரண்டவோ வேண்டாம். அது ரேடியமாக இருக்கலாம். ஒளிர்வது நின்றிருந்தாலும் கதிரியக்கம் நின்றிருக்காது. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருடம் ஆகும்.

பழையது இல்லாவிட்டால் பேட்டரியில் ஓடும் சாதாரண அலாரம் கடிகாரமே போதும். போனைக் கூடத்தில் விட்டுவிட்டுப் படுக்கப்போக அது உதவும்.

மார்ச் மாதக் கடைசியில் பையனுக்குப் பரீட்சை முடிந்தது. அன்று சாயங்காலமே போன் கைக்குத் திரும்பி வந்தது. இரவு பத்து மணிக்கு அவன் டைம்பீஸை எடுத்துக்கொண்டு அப்பத்தாவின் கட்டிலுக்கு வந்தான். ஒரு மாதமாகச் சாவி கொடுத்துப் பழகிய கை.

"நாளைக்கு ஒன்னைய எத்தனை மணிக்கு எழுப்பணும் அப்பத்தா?"

"என்னைய எதுக்குடா எழுப்பணும்?"

"சும்மா சொல்லு."

எழுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக யாரோ கேட்கிறார்கள். அப்பத்தா கூரையைப் பார்த்து யோசித்தார். "ஆறு" என்றார்.

பையன் முள்ளை ஆறில் வைத்து, இரண்டு சாவியும் கொடுத்து, தலைமாட்டு ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாளும் அப்பத்தாவுக்கு நாலு மணிக்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. 'டிக் டிக்'கைக் கேட்டபடி படுத்திருந்தார். ஆறு மணிக்கு மணி அடித்தது. கை எட்டுகிற தூரம்தான். அமுக்கவில்லை. அது அடித்து அடித்துத் தானாக ஓய்ந்த பிறகுதான் எழுந்தார்.